அறிதல் பாணியும் கணித எழுத்தறிவும்

கணிதம் என்றாலே வாய்பாடும் சூத்திரமும்தான் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால், பீசா எனப்படும் அனைத்துலக மாணவர் மதிப்பீடு கணித எழுத்தறிவை விரிவாகப் பார்க்கிறது. வாழ்க்கைச் சூழலைக் கணிதமாக அமைத்தல், கணித அறிவைக் கொண்டு தீர்த்தல், கிடைத்த விடைக்கு அச்சூழலில் பொருள் காணுதல் ஆகியன அதில் அடங்கும். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மலேசிய மாணவர்களின் கணிதச் சராசரி 409 புள்ளிகள். ஓஇசிடி நாடுகளின் சராசரி 472. இவர்களுக்குக் கற்பிக்கப் போகும் பயிற்சி ஆசிரியர்களாகிய நாம், முதலில் நம் சிந்தனை முறையை அறிய வேண்டாமா?

ஒருவர் செய்திகளைப் பெற்று ஒழுங்குபடுத்தும் வழக்கமான முறையே அறிதல் பாணி. அமெரிக்க உளவியலாளர் ஹெர்மன் விட்கின் களம் சார்ந்த பாணி, களம் சாராப் பாணி என இரு முனைகளைக் காட்டினார். சிக்கலான படத்துக்குள் மறைந்திருக்கும் எளிய உருவத்தைக் கண்டுபிடிப்பதே அவரது சோதனை. களம் சாராதவர் அவ்வுருவத்தை எளிதில் பிரித்தெடுப்பார். களம் சார்ந்தவரோ படத்தை முழுமையாகவே காண்பார். பெரும்பாலோர் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டவர்களே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 130 மாணவர்கள் சுற்றுலா செல்கின்றனர். ஒரு பேருந்தில் 40 பேர் அமரலாம். எத்தனை பேருந்துகள் தேவை? எண்களை மட்டும் பிரித்தெடுப்பவர், வகுத்து 3.25 என்று நிறுத்திவிடக்கூடும். கால் பேருந்து எங்கே கிடைக்கும்? சூழலோடு சேர்த்துப் பார்ப்பவர் 4 என்பார். ஆனால், அதே கணக்கில் கட்டணம், தூரம், புறப்படும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், எதை விலக்குவது என அவர் தடுமாறக்கூடும். ஆக, பிரித்துப் பார்ப்பதும் சேர்த்துப் பார்ப்பதும் கணித எழுத்தறிவுக்குத் தேவை.

நான் தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' என்று படித்தது, தேசிய இடைநிலைப்பள்ளியில் 'பெச்சாஹான்' ஆயிற்று. கணக்கு மாறவில்லை, அதைச் சூழ்ந்த மொழி மாறியது. மொழியும் ஒரு களமே என்பது என் கருத்து. கணக்கு வராத மாணவன் எனச் சொல்லுமுன், அவன் தடுமாறுவது கணக்கிலா மொழியிலா என்று பார்க்க வேண்டும்.

இருப்பினும், மாணவர்களுக்குப் பாணி முத்திரை குத்துவது தவறு. விட்கினின் சோதனை பாணியை அல்ல, திறனையே அளக்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2008-இல் பாஷ்லர் குழுவினரின் ஆய்வுத் திறனாய்வும் கூறியது.

ஆகவே, நாளைய ஆசிரியர்களே! ஒவ்வொரு கணக்கிலும் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: எந்த விவரம் தேவையில்லை? இந்த விடை சூழலுக்குப் பொருந்துமா? முதலில் நம்மிடமே கேட்போம். பிறகு மாணவர்களைக் கேட்கப் பழக்குவோம்.