மாற்றுத்திறனாளி மாணவரா? தேர்வுக்கு முன்பே இவற்றை முடியுங்கள்

ஹால் டிக்கெட் வந்த பிறகு, ‘சொல்வதை எழுதுபவர்’ கேட்டு மேசை மேசையாக அலைவது பெரும் கொடுமை. பருவம் தொடங்கியதுமே வேலையைத் தொடங்குங்கள்.

1. யூடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) நான்கைந்து நகல் எடுத்து வையுங்கள். போகுமிடமெல்லாம் கேட்பார்கள்.

2. கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்வார்த்தை, அலுவலர் மாறினால் செல்லாது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.

3. எழுதுபவருடன் ஒரு பழைய வினாத்தாளையாவது முழுதாக எழுதிப் பாருங்கள். ‘அடுத்த பத்தி’, ‘அடிக்கோடிடு’ என்று சொல்லும் வேகம் அப்போதுதான் பிடிபடும்.

4. நாள்பட்ட மனநோய்க்கும் சான்றிதழ் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் உண்டு.

5. தூக்கம் கெட்டு, வகுப்புக்கே போகப் பிடிக்கவில்லையா? மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

விடுதிக் காப்பாளர்களே, இந்த எண்ணை இன்றே அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.