பரணில் கிடக்கும் டிரைவ்: எது எந்தப் பெட்டிக்கு?

தென்காசியில் டிடிபி வேலை பார்த்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று செத்துப்போய், அதன் டிரைவை இன்னொரு பழைய பெட்டியில் மாட்டப் போகிறீர்களா? திருப்புளியைத் தொடும் முன்னே ஒன்றை முடிவு செய்யுங்கள். வேண்டியது டிரைவா, அதற்குள் இருக்கும் எழுத்தா?

எழுத்துதான் என்றால் ஹார்டு டிஸ்க்கில் அவசரம் கூடாது. எண்பதுகளில் வந்த ஸீகேட் எஸ்.டி.225 போன்ற 20 எம்பி டிஸ்க்கை (இரண்டு ரிப்பன் கேபிள் போகும்) தனியாகக் கழற்றவே கழற்றாதீர்கள். எந்த வகைக் கன்ட்ரோலர் கார்டு எழுதியதோ, பெரும்பாலும் அந்த வகைக்குத்தான் படிக்க வரும். வேறு வகைக் கார்டில் மாட்டினால் பெரும்பாலும் அடியிலிருந்து ஃபார்மேட் செய்தால்தான் ஓடும், இருந்ததெல்லாம் போய்விடும். கார்டும் டிஸ்க்கும் சேர்ந்தே இடம் மாறட்டும். பின்னால் வந்த ஐடிஇ டிஸ்க்கில் கன்ட்ரோலர் உள்ளேயே இருப்பதால் தொல்லை குறைவு. பழைய பெட்டியின் பயாஸில் இருந்த சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைத் தாளில் குறித்து, அடுத்த பெட்டியிலும் அதையே கொடுங்கள்.

எழுத்தை எடுத்தாயிற்று, பெட்டி தினமும் ஓடினால் போதும் என்றால், ஐடிஇ அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு மாட்டுவதே என் தேர்வு. பழைய டிஸ்க் ஓய்வெடுக்கட்டும்.

ஃபிளாப்பி டிரைவில் மூன்றரை அங்குலம்தான் சுலபமாக இடம் மாறும். ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. ஐபிஎம் வகைப் பெட்டியின் ரிப்பனில் நடுவே சில கம்பிகள் முறுக்கியிருக்கும்; அதனால் அதன் டிரைவ்கள் எல்லாமே இரண்டாம் டிரைவாகவே செட் செய்யப்பட்டிருக்கும். 1984இல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவில் முறுக்கு கிடையாது. பிசி டிரைவை அதன் நேர் ரிப்பனில் மாட்டினால் டிரைவ் 0 என்று கூப்பிட்டதற்குப் பதில் வராது. ஜம்பர் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ரிப்பனில் டிரைவ் 0, டிரைவ் 1 தேர்வுக் கம்பிகள் இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள்; பிசி ரிப்பனின் முறுக்கு இங்கே உதவாது. அமிகா கம்ப்யூட்டருக்கு 34ஆம் பின்னில் 'தயார்' சிக்னல் வேண்டும். பிசி டிரைவ் அங்கே வேறொன்றை அனுப்பும்.

ஐந்தேகால் அங்குலத்தில் 360கே டிரைவையே தேடுங்கள். 1.2 எம்பி டிரைவின் ஹெட் ஒல்லி. பட்டை நிப்பில் எழுதியதன்மேல் ஊசி நிப்பால் திருத்தினால் ஓரங்களில் பழைய எழுத்து தெரியுமே, அதே கதைதான். 360கே டிரைவின் அகன்ற ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். 1.2 எம்பியை வாசிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் இந்த வேலையே வேண்டாம், ஈரம் ஆகாது. மற்ற நாளிலும் முதலில் மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் தகட்டு மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பு வட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதை உள்ளே விட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்த நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டை மெல்லத் துடைத்து, உலர்ந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்.

கோப்புகளை எடுக்கும்போது ஃபாண்ட்டுகளையும் எடுத்துவிடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்ட்டுகள் பலவற்றிலும் எழுத்தின் இடம் வேறுவேறு. அந்த ஃபாண்ட் இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர்கூட வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திரையில் வரும்.