சனிக்கிழமை கார், ஞாயிற்றுக்கிழமை கூழைக்கடா

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே கார்ப் பந்தயத் தடம். ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய்ப் படாளத்தில் திரும்பினால், நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். அங்கே ஏரி நிறையப் பறவைகள். ஒன்றில் காது அடைக்கும் சத்தம், மற்றதில் தும்மக்கூடக் கூச்சமாக இருக்கும். ஆனால் கேமரா வைத்திருப்பவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான்: வேகமாக வரப்போவது எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, அங்கே போய் நிற்பது.

இரண்டையும் ஒரே வார இறுதியில் முடிக்க நினைத்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் திட்டமிடுங்கள். அது பறவைகளின் காலம். பந்தயத் தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். எனவே முதலில் பந்தய அட்டவணையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஏரியை வைத்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடமென்றால் வேடந்தாங்கலுக்குப் புறப்படும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத ஏரியில் கூழைக்கடாவுக்கும் வேலையில்லை, உங்களுக்கும் வேலையில்லை.

முதலில் சனிக்கிழமை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. அதன் பழைய பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில். பிறகு கிளப் சொந்தமாக நிலம் வாங்கி அமைத்ததுதான் 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கர்கூட ஃபார்முலா ஒன்னுக்குப் போவதற்கு முன்பு, எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடருக்காக இங்கே ஓட்டியிருக்கிறார்.

தடத்தின் ஓரம்வரை போக ஊடக அனுமதி வேண்டும். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. பார்வையாளர் பகுதியில், கம்பி வலைக்கு இந்தப் பக்கம்தான் இடம். அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். லென்ஸை வலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோய், அப்பர்ச்சரை முழுவதும் திறந்துவிடுங்கள். கார் தூரத்தில் இருக்கும்போது வலை படத்தில் கரைந்துவிடும். வலையில் வெயில் நேராக அடித்தால் மட்டும் வெள்ளையாக ஒரு மூட்டம் விழும். அப்போது நிழல் விழும் பக்கமாக நாலடி நகர்ந்தால் போதும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கார் வேகமாகப் போகிறதே என்று ஷட்டர் ஸ்பீடை 1/2000க்கு ஏற்றிவிடுவார்கள். படம் பளிங்கு மாதிரி இருக்கும்; சக்கரத்தின் கம்பிகளை எண்ணிவிடலாம். ஆனால் வண்டி ஏதோ கல்யாண மண்டப வாசலில் நிறுத்தி வைத்தது போலத் தெரியும். வேகம் தெரிய வேண்டுமென்றால் பேனிங்தான் வழி. 1/250இல் தொடங்குங்கள், கை பழகப் பழக 1/125, 1/60 என்று இறங்குங்கள். எந்த இடத்தில் ஷட்டரை அழுத்தப் போகிறீர்களோ, கால் இரண்டும் அந்தத் திசையைப் பார்த்து இருக்கட்டும். இடுப்பை மட்டும் திருப்பி, வரும்போதே காரைப் பிடித்துக்கொண்டு, அதன் வேகத்திலேயே சுழன்று வந்து அழுத்துங்கள். அழுத்திய பிறகும் சுழற்சி நிற்கக் கூடாது. ஐம்பதில் ஐந்து தேறினால் அன்றைய பொழுது நன்றாகப் போனது என்று அர்த்தம்.

பைக் பந்தயம் இன்னும் சுவாரசியம். வளைவில் ஓட்டுநர் முட்டி தரையை உரசும் நொடியில் உடம்பு வண்டியைவிட இன்னும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். முதல் சுற்று முழுவதும் கண்ணை எடுக்காதீர்கள். எல்லா வண்டியும் ஒரே கொத்தாக வருவது அப்போதுதான். பத்து மணி தாண்டினால் தார்ச்சாலை மேல் கானல் ஆடத் தொடங்கும். தூரத்து வண்டியை எத்தனை லட்ச ரூபாய் லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்குள் இருப்பதுபோலத்தான் வரும். ஆகவே காலைப் பயிற்சிச் சுற்றுகளைத் தவறவிடாதீர்கள், கூட்டமும் குறைவு. தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு, இவை மூன்றும் டெலி லென்ஸைவிட முக்கியம்.

ராத்திரிப் பந்தயம் பிடிக்கும் என்றால், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் விளக்கொளியில் நடந்ததே, அந்த மாதிரி ஒன்று மறுபடி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் சென்னைக்குத் திரும்ப வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் சாலை இருக்கிறது. வழி நெடுக வண்டித் தொழிற்சாலைகள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ தங்கிவிடுங்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் செங்கல்பட்டுவரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

மதுராந்தகத்தில் தங்குகிறவர்களுக்கு ஒரு கொசுறு. அங்குள்ள ஏரி காத்த ராமர் கோயில் கதையில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வருவார். உடையவிருந்த ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று காத்ததைப் பார்த்து, தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார் என்பார்கள். லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் பெயர்தான் வேடந்தாங்கல் வரலாற்றிலும் வருகிறது. சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798இல் ஏரியையும் பறவைகளையும் காக்கும் உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தவர் அவர். ஊர்க்காரர்களுடையது வெறும் பாசம் மட்டுமல்ல, கணக்கும் தெரிந்தவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் எதற்கு? அரசு இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936இல். ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022இல்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். ஏ.சி. அறையிலிருந்தோ ஏ.சி. காரிலிருந்தோ இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அதற்குள் அன்றைய நல்ல வெளிச்சம் போய்விடும். வழியிலேயே ஏ.சி.யை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுவதுதான் சுலபமான வைத்தியம். நுழைவுச்சீட்டோடு கேமராவுக்கும் தனிக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரி சிறியது, சுமார் 30 ஹெக்டேர்தான். கரையில் நடந்துகொண்டே பார்க்கலாம். உயரத்திலிருந்து பார்க்கக் காட்சிக் கோபுரமும் உண்டு. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருக்கும். நீர்ப்பரப்பில் ஊசிவால் வாத்துகளைத் தேடிப் பாருங்கள். அவை வடக்கே வெகுதூரத்திலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவை.

எங்கே நிற்பது? பறவை இறங்கும்போது காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாடை அடிக்கும் மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலைச் சூரியனும் கிழக்கே. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால், நாரை உங்களைப் பார்த்தபடி, இறக்கையை விரித்து, காலைத் தொங்கவிட்டு இறங்கும், முகத்தில் வெயிலோடு. இங்கே ஷட்டர் ஸ்பீடு 1/2000 சரி. நேற்று வேண்டாம் என்றது இன்று வேண்டும். கருத்த மரத்துக்கு முன்னால் வெள்ளைப் பறவை என்றால் கேமரா ஏமாந்துபோய் வெள்ளையைச் சுண்ணாம்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள்.

கூட்டத்தை எடுத்துச் சலித்தபின் ஒரே ஒரு நத்தை குத்தி நாரையின் மேல் லென்ஸை நிறுத்திப் பாருங்கள். அதன் அலகை முழுவதும் மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி போல. சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை மட்டும் உருவிவிடும். அருகிலுள்ள வயல்களிலும் இது மேயும். வரப்பில் உட்கார்ந்து எடுத்தால் கண்ணுக்கு நேராகக் கிடைக்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பறக்க வைத்துப் படமெடுக்கக் கைதட்டுகிறவர்கள், செல்போனில் பறவைக்குரல் போடுகிறவர்கள் எங்கும் உண்டு. முட்டையிலிருந்து தாய் எழுந்து போனால் வெயில் ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம். அப்படிக் கிடைக்கும் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஒரு திருட்டு இருக்கிறது.

மத்தியானம் கூட்டத்தோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தில் கரிக்கிலிக்குப் போய்வாருங்கள். அதுவும் சரணாலயம்தான், சத்தம் குறைவு. நாலு மணிக்கு மறுபடி வேடந்தாங்கல் கரைக்கு வந்துவிடுங்கள். இரை தேடப் போனவை வரிசை வரிசையாகத் திரும்பும் நேரம் அது. வெளிச்சம் மங்க மங்க ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டே போகாமல் ஷட்டரை 1/60க்கு இறக்கி, நேற்று காருக்குச் சுழன்றதுபோல நாரைக்கும் ஒருமுறை சுழன்று பாருங்கள். உடல் தெளிவாக, இறக்கை மட்டும் புகைபோல வரும்.

திரும்பும்போது பரனூர் சுங்கச்சாவடியில் ஞாயிறு இரவு வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கலாம். மதுராந்தகத்திலேயே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இலை வருவதற்குள் மங்கிய படங்களில் பாதியையாவது அழித்துவிடலாம்.