படகுத் துப்புரவு: கரை தேடிச் செல்லும் ஒரு கைத்தொழில்

நம் மாநிலத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு, 14 மாவட்டங்களைத் தொட்டுச் செல்கின்றது. இக்கரையோர ஊராட்சிகளில் ஒருபுறம் மீனவரும் மறுபுறம் குடியானவரும் வாழ்கின்றனர். உழவருக்கு மாடும் ஏரும் எவ்வாறோ, அவ்வாறே மீனவருக்குப் படகும் எந்திரமும். மாட்டைக் குளிப்பாட்டாமல் தொழுவத்தில் கட்டுபவரை ஊரார் பழிப்பர். ஆயின், இலட்சக்கணக்கில் பணமிட்டு வாங்கிய படகு உப்பும் செதிலும் படிந்து கரையிற் கிடப்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். அதனை எவரும் குறையாகக் கொள்வதில்லை.

விடியுமுன் கடலுக்குச் சென்று, மீனை விற்று, வலையைச் செப்பனிட்டு வீடு திரும்பும் மீனவருக்குப் படகைத் தேய்த்துக் கழுவ நேரமும் உடல்வலிமையும் மிஞ்சுவதில்லை என்பதே இதன் காரணம். பிறருக்கு நேரமில்லாத வேலை எதுவோ, அதுவே ஒரு புதிய தொழிலின் தொடக்கம். கழுவும் எந்திரத்தையும் நன்னீர்த் தொட்டியையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, படகு இருக்கும் கரைக்கே சென்று துப்புரவு செய்து தரும் தொழிலைப்பற்றி ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் குடியானவர்களும் அறிய வேண்டுவனவற்றை இங்குக் கூற விழைகின்றோம்.

அழுக்கு விளைக்கும் நட்டம்

நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகின் அடிப்புறத்தில் முதலில் வழவழப்பான பாசி படிகின்றது. பின்னர்க் கொட்டலசின் இளம்பூச்சிகள் நீந்தி வந்து ஒட்டிக்கொள்கின்றன. கொட்டலசு தன் உடலிலிருந்து ஒருவகைப் பசையைச் சுரந்து ஒருமுறை ஒட்டினால், சாகுமளவும் இடம் பெயர்வதில்லை. மேலே சுண்ணாம்பு ஓட்டையும் கட்டிக்கொள்கின்றது. இவ்வாறு சொரசொரப்பான அடிப்புறம் நீரைக் கிழித்துச் செல்லாமல் இழுத்துச் செல்லும். அதே தூரம் செல்ல டீசல் மிகுதியாக வேண்டும்.

இந்த நட்டம் படகு உரிமையாளரை மட்டும் சார்ந்ததன்று. நம் கரைகளிற் பெரும்பாலும் மீன் விற்ற பணத்தில் டீசல், பனிக்கட்டி முதலிய செலவைக் கழித்த பின்னரே உரிமையாளரும் தொழிலாளரும் பங்கு பிரித்துக்கொள்கின்றனர். ஆகவே அடிப்புறத்தில் ஒட்டிய கொட்டலசு, கூலியாளின் பங்கையும் சேர்த்தே அரிக்கின்றது.

அன்றாடம் மணலில் இழுத்து ஏற்றப்படும் பைபர் படகின் நிலை வேறு. வெயிலில் உலர்வதால் கொட்டலசு அதில் நிலைப்பதில்லை. அங்குப் பகையாவன உப்பும் மீன் கழிவும் ஆகும். எந்திரத்தின் குளிர்நீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்தால் எந்திரம் சூடேறிப் பழுதாகும். மீன் வைக்கும் பெட்டியில் எஞ்சிய கழிவு, மறுநாள் பிடித்த மீனையும் விரைவில் கெடுத்து விலையைக் குறைக்கும்.

நாம் செய்த ஒரு பிழை

நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், கடலோர ஊராட்சியொன்றின் மகளிர் சுய உதவிக் குழுவினர் இத்தொழிலைத் தொடங்க முன்வந்தனர். நாமும் மகிழ்ந்து, எந்திரத்தின் விலைப்பட்டியலைச் சரிபார்த்து, வங்கிக் கடனுக்குப் பரிந்துரைத்தோம். ஊர்க் கிணற்று நீரைக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடங்கினர். இரண்டு மாதங்களுக்குள் எந்திரத்தின் பம்பு துருவேறி நின்றது. கழுவிய படகின்மேல் வெள்ளைப் பூப்போல உப்புப் படிந்ததைக் கண்ட உரிமையாளர்கள் பணம் தர மறுத்தனர். மூன்று தவணைகள் நிலுவையாயின.

நாம் சென்று விசாரித்தபோது குழுத் தலைவி கூறியது இன்றும் நம் நெஞ்சில் நிற்கின்றது: “ஐயா, எந்திரத்தைப் பார்த்தீர்கள், பட்டியலைப் பார்த்தீர்கள், எங்கள் கிணற்றை மட்டும் நீங்கள் பார்க்கவில்லையே.” அக்கிணற்று நீர் உவர்நீர். ஒரு குவளை நீரை வாயிலிட்டுப் பார்த்திருந்தால் நாமே அறிந்திருக்கலாம். அவ்வூரிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே, ஒரு குடியானவரின் கிணற்றில் நன்னீர் இருந்தது. தொட்டிக்கு இவ்வளவு என்று விலை பேசி, அந்நீரைக்கொண்டு குழுவினர் மீண்டும் தொடங்கினர். பழுதான பம்பின் செலவு அவர்கள் தலையிலேயே விழுந்தது. கடன் தீரக் குறித்த காலத்தினும் ஓராண்டு மிகுந்தது. இன்று தொழில் நடைபெறுகின்றது. ஆயினும் அந்த ஓராண்டின் சுமை நம் கவனக்குறைவால் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

முதலில் செய்யவேண்டிய கணக்கெடுப்பு

கடன் மனு எழுதுமுன் நான்கு செய்திகளைத் திரட்டுதல் வேண்டும். முதலாவது, 10 கிலோமீட்டர் எல்லைக்குள் எத்தனை படகுகள் உள்ளன. அவற்றுள் மணலில் ஏற்றப்படுவன எத்தனை, நீரில் நிற்பன எத்தனை என்பது. இரண்டாவது, எந்திரத்தின் வகை. வெளிப்புற எந்திரமாயின் நன்னீர் ஓட்டிக் கழுவும் வேலை உண்டு. காற்றால் குளிரும் நீள்வால் டீசல் எந்திரமாயின் அவ்வேலை இல்லை. மூன்றாவது, நன்னீர் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது. நான்காவது, உரிமையாளர் எவ்வளவு தர இசைவார் என்பது. வாய்ச்சொல்லை நம்பாமல், 10 படகுகளைக் கையால் கழுவிக் கொடுத்துப் பணம் பெற்றுப் பார்ப்பதே சரியான சோதனை.

வேண்டிய கருவிகள்

பெட்ரோலால் இயங்கும், 100 முதல் 150 பார் அழுத்தமுள்ள கழுவும் எந்திரம் போதுமானது. அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் நீரைச் செலவிடும். பைபர் படகொன்றுக்கு 20 நிமிடம் பீய்ச்சினால் 200 லிட்டர். எந்திரத்தைக் கழுவ 50 லிட்டர். ஆகவே 500 லிட்டர்த் தொட்டி இரண்டு படகுகளுக்குச் சரியாக அமையும். இந்நீரே அரை டன் எடை. மக்கள் ‘குட்டியானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டி ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். அதற்குமேல் ஏற்றுதல் கூடாது.

இவற்றுடன் நைலான் தூரிகைகள், மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன சுரண்டிகள், தார்ப்பாய், சாக்குகள், இரப்பர்க் கையுறை, கண்ணாடி, முகமூடி ஆகியவை வேண்டும். இரும்புச் சுரண்டி பைபர் படகின் மேற்பூச்சைக் கீறிவிடும். கீறிய வழியே நீர் உட்புகும்.

வேலை முறை

பைபர் படகில் முதலில் வாளியால் கடல்நீரை மொண்டு ஊற்றிச் செதிலையும் மணலையும் அகற்றுக. பின்னர்ச் சோப்புநீர் தேய்த்து, இறுதியில் மட்டுமே நன்னீர் பீய்ச்சுக. இதனால் நீர்ச்செலவு குறையும். கடல்நீரை எந்திரத்துள் விடுதல் ஒருபோதும் ஆகாது. விசிறிபோல் விரிந்து பாயும் முனையைப் பொருத்தி, ஓர் அடித் தொலைவிலிருந்து பீய்ச்சவேண்டும். ஊசிபோல் பாயும் முனை படகின் பூச்சையும் பெயர்க்கும். மனிதர் தோலையும் கிழிக்கும்.

வெளிப்புற எந்திரத்தை நன்னீர் நிரம்பிய பீப்பாயில் நிறுத்தி 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுக. நீரின்றிச் சிறிது நேரம் ஓட்டினாலும் உள்ளிருக்கும் இரப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

மீன்பெட்டியைச் சோப்பிட்டுக் கழுவியபின், 100 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 35 கிராம் பிளீச்சிங் தூள் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு, நன்னீரால் அலசுக. அழுக்கு நீங்குமுன் தூளை இட்டால் பயனில்லை. தூளின் வலிமை அழுக்கிலேயே அழிந்துபோகும். பிளீச்சிங் தூளுடன் எந்த அமிலத்தையும் சேர்த்தல் கூடாது; நச்சுப்புகை எழும்.

நீரில் நிற்கும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமே அறுவடைக் காலம். 2017 முதல் இத்தடை 61 நாளாக உள்ளது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுச் செப்பனிடப்படுகின்றன. படகு கரையேறிய அன்றே, ஈரம் காயுமுன் கழுவினால் பாசி எளிதில் அகலும். காய்ந்தபின் அதே வேலைக்கு இருமடங்கு உழைப்பு வேண்டும். மரப்படகின் இணைப்புகளில் நீரை நெருங்கிப் பீய்ச்சினால் கலப்பத்துப் பஞ்சு பெயர்ந்துவிடும். அங்கே கைத்தூரிகையே தக்கது. துரு தடுப்பதற்காகப் பொருத்திய துத்தநாகக் கட்டிகளின்மேல் வண்ணம் பூசலாகாது. பூசினால் அவை வேலை செய்யா.

உயிருக்குக் காவல்

பலநாள் மூடிக்கிடந்த மீன் அறையில் கழிவு அழுகி நச்சுவாயு நிறைந்திருக்கும், மூச்சுக்காற்றும் குறைந்திருக்கும். அதில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கியவரும் மாள்வது இத்தகைய வேலைகளில் நேரும் கொடுமையாகும். மூடியைத் திறந்து, நெடுநேரம் காற்றோட்டம் விட்டு, விசிறியால் காற்றையும் செலுத்திய பின்னரே இறங்குதல் வேண்டும். மேலே ஒருவர் கயிறு பிடித்து நிற்க வேண்டும். கீழே இருப்பவர் மயங்கினால் மேலிருப்பவர் இறங்காமல், கயிற்றால் இழுத்தே மீட்க வேண்டும். இவ்விதியைக் கைவிட்டுச் செய்யும் வேலைக்கு எந்தக் கூலியும் ஈடாகாது.

கழிவு எங்கே செல்லும்?

அடிப்புறத்தில் பூசும் பாசித்தடுப்பு வண்ணங்களில் செம்புச் சேர்மங்கள் உள்ளன. கொட்டலசைக் கொல்லும் நஞ்சு, இறாலையும் மீன்குஞ்சையும் விட்டுவைக்காது. வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய வண்ணங்கள் அதனினும் கொடியவை. 2008-ல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை அவற்றைத் தடை செய்துள்ளது. ஆதலின் சுரண்டிய தூளைத் தார்ப்பாயில் சேர்த்துச் சாக்கில் கட்டி அகற்ற வேண்டுமேயன்றி, கழிமுகத்திலோ இறால் பண்ணை வாய்க்காலிலோ தள்ளலாகாது.

மற்றொரு தீங்கும் உண்டு. தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய ஒருவகைச் சிப்பி எண்ணூர், பழவேற்காடு நீர்ப்பகுதிகளில் பரவி, இறால் மேயும் சேற்றுத் தரையை மூடி, மீனவர் பிழைப்பைக் கெடுத்து வருகின்றது. மீனவர் அதனைக் ‘காக்கா ஆழி’ என்பர். இத்தகைய உயிர்கள் படகின் அடியில் ஒட்டியும் ஊர்விட்டு ஊர் செல்லக்கூடும். ஒரு கழிமுகத்திலிருந்து மற்றொன்றுக்குப் படகைக் கொண்டுசெல்லுமுன் கழுவி, நீரை வடித்து, உலர்த்துதல் நன்று.

வரவும் செலவும்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்போம். விலைகளை அவரவர் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்க. ஒரு படகுக்குக் கூலி ரூ.300 எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 6 படகு கிடைத்தால் வரவு ரூ.1,800. மூன்று தொட்டி நீருக்கு ரூ.300, வண்டி வாடகை ரூ.600, பெட்ரோல், சோப்புக்கு ரூ.200, ஆகச் செலவு ரூ.1,100. எஞ்சுவது ரூ.700. வேலை செய்யும் இருவருக்கும் தலைக்கு ரூ.350 ஆகும்.

மூன்று படகே கிடைத்த நாளில் வரவு ரூ.900. இரண்டு தொட்டி நீருக்கு ரூ.200, வண்டிக்கு ரூ.600, பெட்ரோல், சோப்புக்கு ரூ.100 போக, கையில் நிற்பது பூச்சியம். கடன் தவணையோ இதற்கும் மேற்பட்டது. இதிலிருந்து பெறும் பாடம் தெளிவு: வண்டியே பெருஞ்செலவு. ஆகையால் தொடக்கத்தில் வண்டியை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு அமர்த்துக. நாள்தோறும் அலையாமல், வாரத்தில் இன்ன நாள் இன்ன கரை என்று முறை வகுத்து, முன்கூட்டியே 6 படகுக்குச் சொல்லிவைத்த பின்னரே புறப்படுக.

படகு இல்லாத காலத்தில் எந்திரம் சும்மா இருத்தல் கூடாது. தை, மாசியில் சம்பா அறுவடை எந்திரங்கள் ஊர் ஊராகச் செல்கின்றன. ஒரு வயலின் களை விதை எந்திரத்தில் ஒட்டி அடுத்த வயலுக்குப் போகின்றது. அதனை வரப்பிலேயே கழுவித் தருவது குடியானவருக்கும் நன்மை, குழுவுக்கும் வருவாய். டிராக்டரும் அவ்வாறே.

முதலுக்கு, 2015-ல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை கடன் பெறலாம். ஆதார் எண்ணைக்கொண்டு ‘உத்யம்’ பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மானியத் திட்டங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிக.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி மன்றம் செய்யத்தக்கவை மூன்று. கரையில் ஓரிடத்தைக் குறித்து, சரிவான தளமும் கழிவு தங்கும் தொட்டியும் அமைத்துத் தருதல் ஒன்று. சுரண்டிய தூளும் பழைய எண்ணெயும் சேர்க்கத் தனிப் பீப்பாய் வைத்து, அவற்றை முறைப்படி அகற்ற ஏற்பாடு செய்தல் இரண்டு. நன்னீர் எடுப்பதற்கு அளவு வகுத்தல் மூன்று. கடலோரக் கிணற்றில் அளவின்றி இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் ஏறும். இன்று படகு கழுவிய நீருக்காக நாளை ஊரே குடிநீர் இழக்கும் நிலை வரலாகாது.

படகு கழுவுதல் சிறு தொழிலே. அதனால் எவரும் செல்வராகிவிடார். ஆயினும் வேலையற்ற சில கைகளுக்கு வேலையும், மீனவருக்கு டீசல் மிச்சமும், குடியானவர் கிணற்றுக்கு ஒரு சிறு வருவாயும் அதனால் கிட்டும். உங்கள் ஊராட்சியில் எவரேனும் இத்தொழிலுக்குப் பரிந்துரை வேண்டி வந்தால், விலைப்பட்டியலைக் கையில் வாங்குமுன் அவருடன் நடந்து சென்று கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். நாம் தவறியதை நீங்கள் தவறாதிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.