கடல் கடக்கு முன்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியலில், கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்தல் மரபன்று என்னும் கருத்துப்பட ஒரு நூற்பா உண்டு. அதனைப் பாடஞ் சொல்லும் போதெல்லாம் மாணவருள் ஒருவராவது எழுந்து, "ஐயா, எங்கள் அம்மா சென்ற ஆண்டுதானே இந்தியாவுக்குப் போய் வந்தார்கள்!" என்று கூறி வகுப்பைச் சிரிக்க வைத்தல் வழக்கம். உரையாசிரியர்கள் அந்நூற்பாவுக்குப் பொருள் கொள்வதில் தம்முள் மாறுபடுவர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. பொருள் தேடித் தனியே செல்லும் ஆடவன் தன் காலின் வலிமையையே அளவுகோலாகக் கொள்வான். முதியோர், பெண்டிர், பிள்ளைகள் எனக் குடும்பமாகச் செல்வோர் தம்முள் மெலிந்த காலையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். இவ்வேறுபாட்டினை யாம் ஏட்டிற் படித்து அறிந்திலம். 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இராமேசுவரம் செல்லக் கருதி, அதற்கு முன் எட்டுத் திங்கள் பட்ட பாட்டினால் அறிந்தோம். மலர்க் குழுவினர் மாணவர்க்குப் பயன்படும் கட்டுரை ஒன்று கேட்டமையின், அவ்வெட்டுத் திங்கட் செய்தியையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படையாவன. அவற்றைப் புரவலர் புகழ் கூறுவன என்ற அளவிலே பயில்கின்றோம். தேர்வு வினாக்களும் பெரும்பாலும் அதனையே நாடுகின்றன. ஆனால் ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல் அன்றோ? மலைபடுகடாத்தில் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் தம் மகளிரோடும் சுற்றத்தோடும் மலைவழி போவோர். அவருக்குப் பெருங்கௌசிகனார், வழியிடையுள்ள இடர்களை ஒன்றொன்றாக முற்படக் கூறிவைக்கின்றார். பன்றிக்கு வைத்த பொறி, புனங் காப்போர் எறியும் கவண்கல், பாம்பு உறையும் குழி, வழுக்கும் நீர்நிலை ஆகிய எல்லாம் அங்கே வருகின்றன. அஞ்சாது செல்க என்று வாளா கூறி விடாமல், வழுக்குமிடத்து மூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக் கடக்குமாறும் சொல்லிக் கொடுக்கின்றார். புறப்படுமுன் எதனை எண்ண வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் யாம் கண்டதில்லை.

இனி, எம் பயணத்தின் காரணத்தைக் கூறுதல் வேண்டும். புத்தளக் கரையோரத்து உடப்பு முதலாய ஊரினர், தம் முன்னோர் இராமேசுவரப் பக்கத்தினின்றும் கடல் கடந்து வந்தோர் என்று வழிவழியாகக் கூறுவர். எம் அன்னையாரும் அவ்வழக்கில் வந்தவர். யாம் மூன்று வயதுக் குழந்தையாய்க் கடுங் காய்ச்சலிற் கிடந்த 1983ஆம் ஆண்டில், குழந்தை பிழைத்தால் இராமேசுவரத்துத் தீர்த்தமாடி வருவதாக நேர்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி அறையில் வைத்தார். பிள்ளை பிழைத்தது. ஆனால், அடுத்த ஆண்டளவில் தலைமன்னார்க் கப்பல் போர் காரணமாக நின்றது. போர் ஓய்ந்தபோது எம்மிடத்துப் பொருள் இல்லை. பொருள் சிறிது சேர்ந்தபோது தந்தையார் நோயுற்றுப் பாயிற் கிடந்தார். அம்முடிச்சு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவிழாமலே இருந்தது. அன்னையார் அதுபற்றி எம்மிடம் ஒருகாலும் குறைகூறியதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அத்துணிக்குப் புதிதாக மஞ்சள் தோய்ப்பதோடு சரி.

முன்னோர் காலத்து இப்பயணத்துக்கு ஆயத்தம் அதிகம் வேண்டியதில்லை. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை புகைவண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், பின்னர்க் கொழும்புக்குப் புகைவண்டியும் ஒன்றோடொன்று இணைந்து ஓடின. எம் பாட்டனார் புத்தளத்திலிருந்து அநுராதபுரம் சென்று தலைமன்னார் வண்டி ஏறியதாகச் சொல்வர். கட்டுச்சோறும் ஒரு துணிமூட்டையுமே அவர் கொண்டு சென்றவை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபின், கடவுச்சீட்டும் அனுமதியும் இன்றிப் போக்குவரவு இல்லையாயிற்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி, பயணிகள் நிறைந்த புகைவண்டி ஒன்றோடு அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்று வந்தது; போரோடு அதுவும் போயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் தொடங்கி, இடையே நின்று, 2024ஆம் ஆண்டு ஆகத்தில் மீண்டும் ஓடியது. அன்னையார்க்குக் கடல்வழி போகவே விருப்பம். எனினும் எம் கரையிலிருந்து காங்கேசன்துறை வடகோடியில் உள்ளது. நாகபட்டினத்தினின்று இராமேசுவரமும் அணித்தன்று. கட்டுநாயக்கா விமான நிலையமோ சிலாபம் வீதி வழியே ஒன்றிரண்டு மணி நேரத்தில் எட்டும். மதுரைக்கு விமானத்திற் சென்று, அங்கிருந்து தரைவழி போவதென முடிவு செய்தோம்.

மாதத்தைத் தேர்தல் எளிதன்று. ஆசிரியரும் மாணவரும் உள்ள வீட்டுக்குச் சித்திரை, ஆவணி, மார்கழி ஆகிய விடுமுறைகளே வாய்ப்பன. ஆடி ஆவணியில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும் முன்னேஸ்வரத் திருவிழாவும் நிகழும். அக்காலத்து ஊரை விட்டுப் போவதற்கு அன்னையார் இசையார். மார்கழி வாடைக் காற்றும் மழையும் இருகரைக்கும் பொது. தனுஷ்கோடியின் கதி நினைவிற் கொள்ளத் தக்கது. எஞ்சியது சித்திரை. வெயிற் கொடுமையை நோக்கி, காலை பத்து மணிக்கு மேல் வெளியே செல்லாதவாறு நாட்களைப் பகுத்துக் கொண்டோம். அரசாங்க ஆசிரியர், பாடசாலை விடுமுறையிலேயாயினும், நாட்டை விட்டு வெளியே செல்லுமுன் அனுமதி பெறுதல் வேண்டும் என்பதனை இளம் ஆசிரியர் சிலர் மறந்து விடுகின்றனர். அவ்விண்ணப்பத்தை யாம் மாசி மாதத்திலேயே கொடுத்து விட்டோம்.

மிகுந்த தொல்லை தந்தது பெயர். எம் அன்னையார் பெயரில் ழகரம் ஒன்று உண்டு. தமிழுக்குச் சிறப்பெழுத்தென்று வகுப்பிற் பெருமை பேசும் அவ்வெழுத்து, ஆங்கிலத்தில் எழுதுங்காற் படும்பாடு சொல்லுந் தரத்ததன்று. பிறப்புச் சான்றிதழை எழுதியவர் அதனை ஓரெழுத்தால் எழுதினார். அடையாள அட்டைக்கு எழுதியவர் ஈரெழுத்தால் எழுதினார். இருவரும் ஒருவரையே குறித்தனர் என்று மெய்ப்பிப்பதற்குக் கிராம உத்தியோகத்தரிடமும் சமாதான நீதவானிடமும் சென்று, சத்தியக் கடதாசி முடித்து, பின்னும் இரு முறை அலைய வேண்டியதாயிற்று. எழுபத்து நான்கு வயது மூதாட்டி, தாம் தாமே என்று கையொப்பமிட நேர்ந்ததைக் கண்டு பேரப்பிள்ளைகள் நகைத்தனர், அன்னையார் நகைத்திலர்.

இரண்டாம் பிழை எம்முடையதே. மகனுக்கு விமானச் சீட்டுப் பதியுங்கால், பாடசாலை இடாப்பில் உள்ளவாறு தலைப்பெழுத்தும் பெயருமாகப் பதிந்து விட்டோம். கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் விரிவாக உள்ளது. நம் வழக்கிற் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். பிறநாட்டார் அமைத்த படிவங்களில் எது குடும்பப் பெயர், எது இடுபெயர் என்ற வினா எழும்போது, கடவுச்சீட்டில் எக்கட்டத்தில் எப்பெயர் உள்ளதோ அதனை எழுத்து மாறாமற் படியெடுத்தலே நெறி. இலக்கணம் அறிந்தோம் என்னுஞ் செருக்கால் யாம் அதனைத் திருத்தி எழுதப் புகுந்து, சீட்டை மாற்றுதற்குப் பணமும் கட்டினோம். இந்தியாவுக்குரிய விசாவினைக் கணினி வழி விண்ணப்பிக்கும் வசதி 2015ஆம் ஆண்டு முதல் இலங்கையர்க்கு உண்டு. அதற்குக் கடவுச்சீட்டு அந்நாட்டை அடையும் நாளிலிருந்து ஆறு திங்களேனும் செல்லுபடியாதல் வேண்டும். பெரியோர் தம் சீட்டைப் பார்த்துவிட்டு அமைந்திருப்பர். குழந்தையரது சீட்டு விரைவில் முடிவதனைக் கவனியார். எம் இளைய மகளது சீட்டு அவ்வாறே முடியும் நிலையில் இருந்தது. அதனைத் தை மாதத்திற் கண்டமையாற் பிழைத்தோம். பங்குனியிற் கண்டிருப்பின் பயணமே நின்றிருக்கும்.

கடதாசி வேலை முடிந்தபின் உடலை நோக்கினோம். அன்னையார்க்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இராமேசுவரத்திற் கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் மூழ்கியபின், ஈரத் துணியோடு கோயிலினுள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கும் நடத்தல் வேண்டும். பலர் தலையில் வார்த்த நீர் கருங்கற் றளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மலைபடுகடாத்து வழுக்கு நிலம் எமக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மாசித் திங்கள் முதலாக நாடோறும் விடியலில் அன்னையாரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கரைவலை இழுப்போர் நிற்கும் ஈர மணலில் நடக்கப் பழக்கினோம். முதல் வாரம் அரைக் கட்டைத் தூரத்தில் மூச்சு வாங்கிற்று. பங்குனி முடிவில் ஒன்றரைக் கட்டை நடந்தார். கைத்தடி கொள்ள மறுத்தவர், மூத்த பேரன் தோளைப் பற்றிக்கொள்ள இசைந்தார். எருவைக் கோலுக்கு ஈடாக அது போதும் என்று யாமும் விட்டு விட்டோம். வைத்தியர், பயண நாட்களுக்கும் மேலாக ஒரு கிழமைக்குரிய மருந்தும், மருந்துகளின் பெயரெழுதிய கடிதமும் தந்தார். அவற்றைப் பெரிய பெட்டியில் வையாது கையிற் கொண்டு செல்லுமாறும் கூறினார். பெட்டி வழிதவறினும் மருந்து தவறலாகாது.

பொதி கட்டும்போது ஒரு சிறு பூசல் நேர்ந்தது. எம் வளவுத் தென்னையிற் காய்த்த முற்றிய தேங்காய் ஒன்றினை அன்னையார் இராமநாதருக்கென எடுத்து, நாட்பட உலரவைத்திருந்தார். உலர்ந்த தேங்காயும் கொப்பராவும் எண்ணெய் மிகுதியால் தாமே சூடேறித் தீப்பற்றக் கூடியன ஆகலின், பயணிகள் அவற்றை விமானத்திற் கொண்டு செல்லல் ஆகாது. தென்னை நாட்டிற் பிறந்த எமக்கு இது புதுச் செய்தி! விதை, கன்று, காய்கனிகளுக்குத் தாவர நோய்த்தடை விதிகள் வேறு உள. அங்கே தேங்காய் வாங்கலாமே என்று எம் மனைவியார் கூற, "அது நம் மண்ணில் விளைந்ததாகுமா?" என்றார் அன்னையார். அதற்கு விடை கூற யாம் அறிந்திலம். ஈற்றில் அத்தேங்காயை முன்னேஸ்வரத்தில் உடைத்து விட்டு, நாணய முடிச்சை மட்டும் கொண்டு செல்வதென உடன்பாடாயிற்று. மதுரையில் உள்ள உறவினர் ஒருவர்க்குக் கருவாடு கொண்டு போகும் எண்ணத்தை, கொல்லத் தெருவில் ஊசி விற்பதாய் முடியும் என்று கூறி யாமே தடுத்தோம். கைத்தொலைபேசிக்குரிய மேலதிக மின்கலத்தைக் கைப்பையில் வைத்தல் வேண்டும் என்பதனையும், நம் வீடுகளிற் புதிதாக வந்துள்ள சதுரமுனைச் செருகி அங்குள்ள வட்டத் துளையிற் பொருந்தாது என்பதனையும் மூத்த மகன் கண்டுணர்ந்து எமக்கு அறிவித்தான்.

எம் பக்கத்து வீட்டார் இஸ்லாமியர். சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர். திறப்பை அவரிடம் ஒப்படைக்கச் சென்றபோது, எம் அன்னையாரை நோக்கி, "கடன் எல்லாம் தீர்த்தாயிற்றா, ஆச்சி? எவரிடமாவது பொறுத்தல் கேட்க வேண்டியிருக்கிறதா?" என்று வினவினார். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் கடனடைத்து, மனவருத்தம் உள்ளோரிடம் பொறுத்தல் கேட்டுச் செல்வது அவர்கள் வழக்கம். அன்னையார் ஒன்றும் சொல்லாது வீடு வந்தார். அவருக்கும் அவர் தங்கையார்க்கும் எல்லையோரத் தென்னை இரண்டின் பொருட்டுப் பதினோராண்டாகப் பேச்சில்லை. யாம் எட்டுத் திங்களாக எழுதிவைத்த பட்டியலில் மருந்து இருந்தது, செருகி இருந்தது, தலையணை உறைகூட இருந்தது. சின்னம்மா பெயர் இல்லை.

மறுநாட் பிற்பகல் அன்னையார் தனியே அவ்வீட்டுக்குச் சென்றார். அங்கே என்ன பேசினர் என்பது எமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்திற்குச் சிறிது முன்னர் இருவரும் சேர்ந்து வந்தனர். சின்னம்மா சுவாமி அறையை நோக்கி, "எண்ணெய் எங்கே வைத்திருக்கிறாய் அக்கா? நீ வருமட்டும் நான் வந்து விளக்கேற்றுகிறேன்," என்றார். பின்னர் இடுப்பில் இருந்து ஒரு நாணயத்தை எடுத்து, மஞ்சள் முடிச்சை அவிழ்க்குமாறு கேட்டார். நாற்பது ஆண்டு இறுகிய முடிச்சு அத்துணை எளிதில் அவிழவில்லை. ஊசி கொண்டு நெகிழ்த்த வேண்டியதாயிற்று. இரு நாணயங்களையும் ஒருங்கே வைத்து அன்னையார் மீண்டும் முடிந்தார்.

விடியற்காலை மூன்று மணிக்கு வாகனம் வந்தது. அதன்பின் நிகழ்ந்தவை பிறிதொரு கட்டுரைக்கு உரியன.