கோடையில் கம்பிமயிர் நாயை மொட்டை அடிக்காதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டது. ராஸ் அல் கைமாவில் நாய் வளர்க்கும் நம் வீடுகளில் இப்போது எழும் யோசனை, "பாவம், இந்த வெயிலுக்கு மெஷின் போட்டு ஒட்ட வழித்துவிடலாம்" என்பதுதான். மினியேச்சர் ஷ்னாசர், வயர் ஃபாக்ஸ் டெரியர் போன்ற கம்பிமயிர் நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்த நாய்களுக்கு மயிர் இரண்டு அடுக்கு. மேலே சொரசொரப்பான கம்பி, அடியில் பஞ்சு. மேல் அடுக்கு வெயில் நேரே தோலில் விழாமல் காக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே மொட்டை அடிப்பதால் பெரிய குளிர்ச்சி கிடைக்காது, தோல்தான் வெந்துபோகும். திரும்பத் திரும்ப மெஷின் போட்டால் கம்பி மென்மையாகி நிறமும் மங்கும்.

செய்ய வேண்டியது, உள்ளே அடைந்து கிடக்கும் பஞ்சை எடுப்பது. வாரம் இரண்டு முறை சீப்பால் நன்றாக வாருங்கள். முற்றிய கம்பிமயிர் வேரில் தளர்ந்திருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில இழைகளாகப் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே இழுத்தால் சுலபமாக வந்துவிடும். இதுதான் ஹேண்ட் ஸ்டிரிப்பிங். நாய் முகம் சுளித்தால் அந்த இடத்தில் மயிர் இன்னும் முற்றவில்லை, விட்டுவிடுங்கள். பல வருடமாக மெஷினே போட்டுப் பழகிய நாயாக இருந்தால், தோல் தெரியாத அளவுக்கு நீளம் விடும்படி மெஷின் போடுபவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து தாடி. கம்பிமயிரும் மீசை, தாடி, புருவமும் பெரும்பாலும் ஒரே மரபணுவின் வேலை என்று 2009இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்; ஆகவே இந்த இனங்களை வாங்கியவர் தாடிப் பராமரிப்பையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். ஷமால் காற்று தூசியை அள்ளிவரும் நாட்களில், தண்ணீர் குடித்து நனைந்த தாடியில் மணல் ஒட்டி, சிக்காகி, உதட்டு மடிப்பில் புண் வரும். சாப்பிட்டபின் துடைத்து உலர்த்துங்கள். வெளியே போய் வந்ததும் விரலிடுக்கில் முள் இருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தை எந்த மாதமும் நிறுத்தாதீர்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கு இங்கே தடை உண்டு. தரையை ஒட்டி நடக்கும் நாய்க்கு அந்த இடைவேளை போதாது. சூரியன் ஏறுமுன் ஒரு நடை, நன்றாக இருட்டியபின் ஒரு நடை. புறங்கையை ஏழு நொடி ரோட்டில் வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். கடற்கரை கோர்னிஷில் ராத்திரியிலும் புழுக்கம் இருக்கும். ஈரக்காற்றில் மூச்சிரைப்பு சரியாக வேலை செய்யாது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே உடம்பில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஜெபல் ஜெய்ஸ் மலை 1,934 மீட்டர் உயரம். மேலே குளுமைதான், ஆனால் அங்கேயும் பூட்டிய காரில் நாயை விடக் கூடாது.

ஷ்னாசருக்குக் கொழுப்பு ஆகாது, கணையம் வீங்கும். வெள்ளிக்கிழமை பிரியாணியில் மிஞ்சியதைப் போடாதீர்கள். வெங்காயமும் பாயசத்துத் திராட்சையும் எந்த நாய்க்கும் விஷம்.

பொது இடத்தில் நாய்க்குக் கயிறு கட்டாயம், இது 2016ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். ரேபிஸ் ஊசியின் தேதியையும் இப்போதே பாருங்கள். தடுப்பூசி அட்டை இல்லாமல் செல்லப்பிராணி விடுதிகளில் நாயைச் சேர்க்கமாட்டார்கள். பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போடும்போதே விடுதியில் இடம் சொல்லிவிடுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு நண்பரிடம் கேளுங்கள், அதுவும் முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜூலை வெயிலில் நாயைத் தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.