ரிச்சி தெருவில் பழைய கணினி கூட்டச் செல்வோர்க்கு

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகப் பிரியும் ரிச்சி தெரு, வானொலி உதிரிப் பாகங்கள் விற்ற காலந்தொட்டே மின்னணுச் சாமான்களுக்குப் பிரசித்தி பெற்றது. கல்லூரிக்குப் போகும் உறவுக்காரப் பிள்ளைக்கோ, உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகளுக்கோ குறைந்த செலவில் ஒரு கணினியைக் கூட்டித் தரவேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருக்குமானால், தாராளமாக அங்கே பிரயாணப்படலாம். மெட்ரோ ரயிலில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமையன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்குமாதலால், வார நாளில், கூட்டம் சேருவதற்கு முன்பான முற்பகல் வேளையில் செல்வது உத்தமம். அடுத்துள்ள நரசிங்கபுரம் தெருவிலும் விலை விசாரித்துவிட்டே பணத்தை எடுங்கள்.

புறப்படுமுன், கணினியைப் பெறப்போகிறவரிடமே அது எதற்கு வேண்டியிருக்கிறது என்று கேட்டறிவது அவசியம். தட்டச்சும் பாடக் காணொளிகளும்தான் என்றால், 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலியும் 8 ஜி.பி. ராமும் தாராளமாகப் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதேனும் அவர் படிப்புக்கு வேண்டியிருந்தால் சங்கதி வேறு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை, சில விதிவிலக்குகள் தவிர, முறைப்படி ஏற்பதில்லை.

இனி, எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கலாகாது என்ற விஷயத்துக்கு வருவோம். செயலியும் ராமும், அசைகிற உறுப்பு எதுவும் இல்லாதவையாதலால், பல வருஷங்கள் உழைத்த பின்னும் பெரும்பாலும் புதிது போலவே வேலை செய்யும்; அவற்றைப் பழையதாக வாங்குவதில் யாதொரு குறைவும் இல்லை. சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கும், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அப்படிப்பட்டவை அல்ல. அவை நாளுக்கு நாள் தேய்கிறவை, அல்லது சூட்டில் தளர்கிறவை. ஆகவே, மற்றவற்றில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றையும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள். பழைய யந்திரத்துக்கு எஸ்.எஸ்.டி. அளிக்கும் வேகத்தை வேறெந்தப் பாகமும் அளிப்பதில்லை. இலவசமாகக் கொடுப்பதுதானே என்று நாலு மாதத்தில் படுத்துவிடும் டிஸ்க்கைப் பொருத்திக் கொடுத்தால், பரீட்சை நேரத்தில் அந்தக் குழந்தை எழுதி வைத்ததெல்லாம் போய்விடும். அதைக் காட்டிலும் கொடாதிருப்பதே மேல் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மதர்போர்டுதான் மிகுந்த ஜாக்கிரதையுடன் பார்க்கவேண்டியது. கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலும், செயலி அமரும் சாக்கெட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலும், விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். ஆறாம் தலைமுறைச் செயலியும் எட்டாம் தலைமுறைச் செயலியும் 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டில்தான் அமர்கின்றன. ஆயினும், எச்110 போன்ற முந்திய போர்டில் எட்டாம் தலைமுறைச் செயலியை வைத்தால் அது உயிர்பெறாது. பெயர் ஒன்றாயிருப்பதை நம்பிப் பணம் இழப்பவர்கள் பலர். டி.டி.ஆர். 3 ராமுக்கும் டி.டி.ஆர். 4 ராமுக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. நிறுவனங்கள் கழித்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் போன்றவற்றை முழுதாக வாங்குவது சுலபம்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் மின் இணைப்புகள் அந்நிறுவனத்துக்கே உரியவை, ஆதலால் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அவற்றில் பொருந்தாது என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள்.

லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். டிஸ்க் இல்லாமலே யந்திரம் அதிலிருந்து எழும்பும். கடையிலேயே ஒரு காணொளியைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, ஒலி, வலைத் தொடர்பு, ஒவ்வொரு யு.எஸ்.பி. துளை ஆகியவற்றையும் சோதித்துவிடலாம். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்கவேண்டாம். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயலியின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி, போர்டிலுள்ள சி.ஆர். 2032 பேட்டரியையும் மாற்றி, இயங்குதளத்தை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொடுங்கள்.